சிரித்தால் விழுகிற தம்பி – கடிதம்

அன்புள்ள ஐயா,

கல்யாணப் பந்தியில் நடக்கும் கேலிப் பேச்சைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். என் தம்பிக்கு 23 வயது. மன்னார்குடி பக்கம் ஒரு ரைஸ்மில்லில் கணக்கு எழுதுகிறான். இரண்டு வருஷமாக, வயிறு குலுங்கச் சிரித்தால் முட்டி மடங்கிச் சரிந்துவிடுகிறான். தலை தொங்கும், தாடை இறங்கும், பேச்சு குழறும். ஆனால் நாங்கள் பேசுவதெல்லாம் அவனுக்குக் கேட்கும். அரை நிமிஷத்தில் எழுந்து நடந்துவிடுவான். போன தை மாதம் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில் பரிமாறிக்கொண்டிருந்தான். மாமா மகன் ஏதோ ஜோக் சொல்ல, சாம்பார் வாளியோடு விழுந்தான். குடித்திருக்கிறான் என்று பந்தியே பேசியது. டாக்டர் வலிப்பு என்று மாத்திரை கொடுத்தார், ஒன்றும் குறையவில்லை. புத்தி தெளியும் என்று குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் தங்கவைக்கச் சொல்கிறார்கள் உறவுக்காரர்கள். இப்போது நாலு பேர் கூடிச் சிரித்தாலே எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுகிறான். மில்லிலும் கணக்கு நோட்டின் மேலேயே தூங்கி விழுகிறானாம், முதலாளி திட்டுகிறார். பெண் பார்க்க ஆரம்பித்திருக்கிறோம். இது நோயா, நடிப்பா?

ம.

அன்புள்ள ம.,

நடிப்பு இல்லை. நான் டாக்டர் இல்லைதான், ஆனாலும் இதை மட்டும் தைரியமாகச் சொல்வேன், ஏனென்றால் இப்படி ஒருவரைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

கும்பகோணத்துக்கு மேற்கே எங்கள் ஊர்க் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறவர் அவர். கதை சொல்வதில் மன்னன். ஆனால் கதையின் சிரிப்பான இடம் நெருங்கும்போதே அவருக்கு வாய் குழறும். கவுளி கட்டிக்கொண்டிருந்த வெற்றிலை கையிலிருந்து நழுவும். ஆள் அகத்தி மரத்தில் சாய்ந்து மெல்ல இறங்கிவிடுவார். அவர் ஏணியில் நிற்கும்போது யாரும் பேச்சுக் கொடுக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். பையன்களான நாங்கள் வேண்டுமென்றே சிரிக்கவைத்துவிட்டு ஓடுவோம். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. பகலில் வரப்பில் உட்கார்ந்தபடியே தூங்குவார். ராத்திரி அமுக்குவான் பேய் நெஞ்சில் ஏறி உட்காருகிறது என்பார். இந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க ஊரில் யாருக்கும் தோன்றவில்லை.

அதனால்தான் உங்கள் கடிதத்தில் என் கண் நின்றது சாம்பார் வாளியில் அல்ல, கணக்கு நோட்டில். தம்பியைப் பற்றிய புகார் போலப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். டாக்டரிடம் அதைச் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். சோம்பேறித்தனத்தை யார் டாக்டரிடம் சொல்வார்கள்?

சிரிப்பால் இப்படித் தசை தளர்வதற்கு கேட்டப்ளெக்ஸி என்று பெயர். பெரும்பாலும் நார்கோலெப்ஸி என்ற தூக்க நோயோடு சேர்ந்துதான் வரும். கனவு காணும் தூக்கத்தில் மூளை நம் கை கால்களைத் தளர்த்திக் கட்டிப்போடுகிறது. இல்லாவிட்டால் கனவில் ஓடுகிறவன் நிஜமாகவே எழுந்து ஓடுவான். அந்தத் தளர்ச்சி விழித்திருக்கும்போதே உடம்பில் இறங்கிவிடுவதுதான் உங்கள் தம்பிக்கு நடப்பது. நம் ஊர் பாஷையில் சொன்னால், ராத்திரி இறக்க வேண்டிய மதகு ஷட்டர் பட்டப்பகலில் தானாக விழுகிறது. விழாமல் பார்த்துக்கொள்ள மூளையின் அடியில் ஹைபோதலாமஸ் என்ற இடத்தில், மதகைத் திறந்து மூடும் ஆள் போல, ஒரு லஸ்கர் இருக்கிறார். ஒரெக்சின் என்ற ரசாயனம்தான் அவர், 1998இல் கண்டுபிடித்தார்கள். அதைச் சுரக்கும் செல்களில் பெரும்பகுதி இந்த நோயாளிகளுக்கு அழிந்துபோயிருக்கிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தவறிப்போய் அவற்றை அழித்திருக்கும் என்பதுதான் இன்று பலரும் ஏற்கும் விளக்கம்.

ஏன் சிரிப்பு? கோபம், திடுக்கிடல் எல்லாமே தூண்டலாம், ஆனால் சந்தோஷம்தான் முதலில் நிற்கிறது. 1880இல் ஜெலினோ என்ற பிரெஞ்சு மருத்துவர் நார்கோலெப்ஸிக்குப் பெயர் வைத்தபோது அவரிடம் வந்தவர் மதுப் பீப்பாய் வியாபாரி, வயது 38. வாய்விட்டுச் சிரித்தால் கால் தளரும். நல்ல வியாபாரம் படியப்போகிறது என்று தெரிந்தாலும் தளரும். சீட்டாட்டத்தில் நல்ல கை வந்தால் அசைய முடியாது. (எதிரே உட்கார்ந்தவர்களுக்கு எவ்வளவு வசதி!) இதே நோயுள்ள டாபர்மேன் நாய்கள் பிடித்த தீனியைக் கண்டதும் சரிந்தன. நமக்குமே இதில் ஒரு துளி உண்டு. சிரிக்கும்போது சாதாரண மனிதர்களுக்கும் காலின் அனிச்சைச் செயல் குறைவதை அளந்து பார்த்திருக்கிறார்கள். ‘சிரிச்சு சிரிச்சு கை கால் ஓஞ்சு போச்சு’ என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வது சும்மா இல்லை.

இனி செய்ய வேண்டியது. தஞ்சாவூரிலோ திருச்சியிலோ ஒரு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். விழும்போது போனில் ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், அது நூறு வார்த்தைக்குச் சமம். நினைவு தப்பவில்லை, சிரித்தால்தான் வருகிறது, எழுந்தபின் குழப்பமில்லை என்ற மூன்றையும் சொல்லுங்கள். வலிப்பிலிருந்து பிரித்துப் பார்க்க அவை உதவும். பகல் தூக்கத்தையும் மறக்காமல் சொல்லுங்கள். ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவைத்துப் பதிவு செய்து, மறுநாள் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை படுக்கவைத்துப் பார்க்கும் சோதனை இருக்கிறது. இப்போது சாப்பிடும் வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

முழுதாகக் குணமாகாது, ஆனால் நன்றாகக் கட்டுப்படும். இதற்கு மனச்சோர்வுக்கான மாத்திரையையே கொடுப்பதும் உண்டு. மெடிக்கல் ஷாப்காரர் பெயரைப் பார்த்துவிட்டு ஏதாவது சொல்வார், உறவுக்காரர்கள் அதைப் பைத்தியத்தில் கொண்டுபோய் முடிப்பார்கள். கேட்டு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் தம்பி அடுத்தடுத்து விழத் தொடங்கலாம். மத்தியானம் கால் மணி நேரத் தூக்கத்துக்கு மில் முதலாளியிடம் அனுமதி வாங்குங்கள். குணசீலத்துக்குப் போய்க் கும்பிட்டு வாருங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் டாக்டரைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

எனக்கு உண்மையான பயம் தண்ணீர்தான். மேட்டூர் திறந்து வாய்க்கால் நிரம்பி ஓடும்போது நண்பர்களோடு படித்துறையில் கேலி பேசிக்கொண்டு குளிக்க விடாதீர்கள். இடுப்பளவுத் தண்ணீரே போதும். வைத்தியம் பிடிபடும்வரை ஆற்றங்கரை ரோட்டில் பைக்கும் வேண்டாம்.

பெண் வீட்டாரிடம் மறைக்காதீர்கள். கல்யாணத்துக்கு அப்புறம் முதல் சிரிப்பிலேயே தெரிந்துவிடும்.

தம்பி கொல்லைப்பக்கம் போவதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். பாயை விரித்துச் சுவரோரம் உட்கார்ந்து சிரிக்கட்டும், உட்கார்ந்தவன் எங்கே விழப்போகிறான்? கொடிக்கால்காரரின் மனைவி அப்படித்தான் செய்வார். கணவர் சரிகிறபோது அக்குளில் கைகொடுத்துத் தாங்கிக்கொண்டு, பாதியில் நின்ற கதையைத் தானே சொல்லி முடிப்பார்.

டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். அப்புறம், மாமா மகன் சொன்ன அந்த ஜோக் என்ன என்று எழுதவே இல்லையே?