கேளுங்கள், சொல்கிறோம்: மேத்யூ ரீஸ் எந்த ஊர்?

'தி அமெரிக்கன்ஸ்' தொடரை ஆறு சீசனும் பார்த்து முடித்தேன். அதில் கணவராக வரும் மேத்யூ ரீஸ், பேட்டிகளில் பேசும்போது அமெரிக்கர் மாதிரியே இல்லையே, எந்த ஊர்க்காரர்? - வாசகி, மேற்கு மாம்பலம்

அமெரிக்கரே இல்லை அவர். பிரிட்டனைச் சேர்ந்த வேல்ஸின் தலைநகர் கார்டிஃபில் 1974-ல் பிறந்தவர். வீட்டிலும் பள்ளியிலும் வெல்ஷ் மொழிதான். அப்புறம் லண்டனில் 'ராடா' என்ற நடிப்புக் கல்லூரியில் படிப்பு. அமெரிக்க டிவியில் முதலில் பெயர் வாங்கிக் கொடுத்தது 'பிரதர்ஸ் அண்ட் சிஸ்டர்ஸ்' (2006-2011), அதில் வக்கீல் வேஷம். நீங்கள் பார்த்த தொடர் 2013-ல் தொடங்கி 2018-ல் முடிந்தது. யோசித்துப் பாருங்கள், அமெரிக்கனாக வேஷம் போட்டு வாழும் ரஷ்ய உளவாளி, அந்த உளவாளியாக நடிப்பவரோ வெல்ஷ்காரர்! கடைசி எபிசோடில் கார் நிறுத்தும் இடத்தில், பக்கத்து வீட்டு நண்பன் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்கிறானே, அந்தக் காட்சியை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். முதலில் ஏதோ சமாளிக்கப் பார்க்கிறார், பிறகு பொய் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போன மனிதனாக உண்மையைச் சொல்லத் தொடங்குகிறார், அவ்வளவுதான், எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. 2018-ல் அவருக்குச் சிறந்த நடிகருக்கான எம்மி கிடைத்தது நியாயமான விருது.

என் மகன் டிவி சீரியல்களில் சின்னச் சின்ன வேஷம் செய்கிறான். தமிழிலேயே கிடந்தால் முன்னேற முடியாது, இந்திப் பக்கம் போ என்கிறார்கள். உண்மையா? - வாசகர், சாலிகிராமம்

இந்தி வாய்ப்பு வந்தால் தாராளமாகப் போகட்டும். ஆனால் தமிழில் நடிப்பதால் முன்னேற முடியாது என்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். மேலே சொன்ன வேல்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 கணக்கெடுப்பில் அங்கே வெல்ஷ் பேசத் தெரிந்தவர்கள் சுமார் 5,38,000 பேர், அதாவது சென்னைப் பெருநகர மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அந்த மொழிக்கென்றே 1982-லிருந்து 'எஸ்4சி' என்று ஒரு சேனல் ஓடுகிறது. மேத்யூ ரீஸ் படித்த அதே பள்ளியில் படித்தவர் யோவன் க்ரிஃபித். அவர் சிறுவனாக வெல்ஷ் சீரியல் ஒன்றில்தான் நடித்துப் பழகினார், 'டைட்டானிக்' படத்தில் படகில் திரும்பி வந்து ரோஸைக் காப்பாற்றும் அதிகாரி அவர்தான்.

'ஹின்டர்லேண்ட்' என்ற போலீஸ் தொடர் இன்னும் சுவாரஸ்யம். நம்மூரில் தமிழ், தெலுங்கு இரண்டுக்குமாகப் படம் எடுக்கும்போது ஒரு டேக் தமிழில், அடுத்தது தெலுங்கில் என்று போகுமே, அதே மாதிரி காட்சிகளை வெல்ஷில் ஒரு முறையும் ஆங்கிலத்தில் ஒரு முறையும் எடுத்தார்கள். கதாநாயகன் ரிச்சர்ட் ஹாரிங்டன் ஒரே அழுகையை இரண்டு மொழியில் அழ வேண்டும். டப்பிங்கில் இந்தப் பயிற்சி கிடைக்காது. உங்கள் மகனிடம் சொல்லுங்கள், இந்தியைக் கற்றுக்கொள்ளட்டும், தமிழ் வசன பேப்பரைக் கையை விட்டு இறக்க வேண்டாம்.

மேத்யூ ரீஸ் தாய்மொழியில் நடித்ததைப் பார்க்க முடியுமா? - வாசகி, பெரம்பூர்

'பாட்டகோனியா' (2010) என்ற படத்தைத் தேடுங்கள். வெல்ஷும் ஸ்பானிஷும் கலந்து வரும், ஏனென்றால் 1865-ல் வேல்ஸிலிருந்து கப்பலேறி அர்ஜென்டினாவில் குடியேறியவர்களின் வாரிசுகள் இன்றைக்கும் அங்கே வெல்ஷ் பேசுகிறார்கள். சப்டைட்டிலோடு பாருங்கள்.