மணி பிளாண்ட் மஞ்சளாகிறதா? உரம் வேண்டாம்

உரம் போடாதீர்கள், முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். தினமும் ஊற்றியும் அடி இலைகள் மஞ்சளாகின்றன, மண் ஈரமாகவே இருக்கிறது என்கிறீர்கள். துளையில்லாத பீங்கான் தொட்டி வேறு. பெரும்பாலும் இது வேர் அழுகல்தான். நீர் தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காது.

செடியை மண்ணோடு வெளியே எடுத்துப் பாருங்கள். நல்ல வேர் வெளிறிய நிறத்தில் விறைப்பாக இருக்கும். அழுகியது பழுப்பாக, கொழகொழவென்று நாற்றமடிக்கும். இழுத்தால் கையோடு வரும். அதை வெட்டிவிட்டு, துளையுள்ள தொட்டியில் செம்மண்ணும் மணலும் கலந்து நடுங்கள். அப்புறம் மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர்.

தண்டின் அடியே கொழகொழத்திருந்தால் வேரோடு மல்லுக்கட்ட வேண்டாம். மேலே பச்சையாக உள்ள தண்டைக் கணுவோடு வெட்டித் தண்ணீரில் வையுங்கள், சில வாரங்களில் வேர்விடும்.

மஞ்சளான இலை மறுபடி பச்சையாகாது. புதுத் துளிரைக் கவனியுங்கள்.