மூன்றாம் தந்தியை இறக்கினால் என்ன கிடைக்கும்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிட்டாரின் மூன்றாம் தந்தியை ஜி-யிலிருந்து எஃப் ஷார்ப்புக்கு இறக்கினால், லூட் என்ற பழைய ஐரோப்பிய நரம்பு வாத்தியத்தின் ட்யூனிங் வந்துவிடும் என்று முன்பு ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். செய்து பார்த்தேன். தெரிந்த கார்டுகள் (சேர்த்து மீட்டும் சுரக்கூட்டுகள்) எல்லாம் கலைந்துபோயின. சி மேஜர் பிடித்தால் காதில் இடிக்கிறது. ஒலியும் லூட் மாதிரி இல்லை, கிட்டார் கிட்டாராகவேதான் ஒலிக்கிறது. ஒரே ஒரு தந்தியை அரைச்சுரம் இறக்குவதில் உண்மையில் என்ன லாபம்? மூன்றாம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்குக் கம்பியில்) கேபோ, அதாவது எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்தும் கிளிப், போட்டே ஆக வேண்டும் என்கிறார்களே, அது கட்டாயமா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

கார்டுகள் கலையத்தான் செய்யும். நீங்கள் இறக்கியது ஒரு தந்தியை, ஆனால் மாறியது இரண்டு இடைவெளிகள். வழக்கமான ட்யூனிங்கைத் தடித்த தந்தியிலிருந்து சொன்னால் ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. தந்திகளின் எண் மட்டும் மெல்லிய பக்கத்திலிருந்து: மெல்லியதுதான் முதல் தந்தி. அடுத்தடுத்த தந்திகளுக்கு நடுவில் ஐந்து, ஐந்து, ஐந்து, நான்கு, ஐந்து அரைச்சுரங்கள். ஜி-யை எஃப் ஷார்ப் ஆக்கியதும் அது ஐந்து, ஐந்து, நான்கு, ஐந்து, ஐந்து என்று ஆகிறது. அந்த ஒரு குறுகிய இடைவெளி நட்டநடுவுக்கு வந்துவிட்டது. பதினாறாம் நூற்றாண்டின் லூட்டும் கிட்டார் போன்ற வடிவுள்ள ஸ்பெயின்காரர்களின் விஹுவேலாவும் இந்த இடைவெளிகளில்தான் சுருதி சேர்க்கப்பட்டன.

ஒலி மாறவில்லை என்கிறீர்கள். மாறாது. லூட்டில் தந்திகள் பெரும்பாலும் ஜோடி ஜோடியாக இருக்கும், இழுவிசை குறைவு, மேல்பலகை மெலிது. அதையெல்லாம் ஒரு தந்தி தந்துவிடாது. லாபம் முழுக்க இடது கைக்கு. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இந்த ட்யூனிங்கை ஒலிக்கு ஒரு நிறம் சேர்க்கும் உத்தியாக நினைத்துத் தொட்டுவிட்டு, ஏமாந்து விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

விஷயம் இதுதான். லூட் இசை பெரும்பாலும் இரண்டு, மூன்று குரல்கள் (தனித்தனி மெட்டு இழைகள்) ஒன்றோடொன்று பின்னிச் செல்லும் இசை. ஒரு குரல் நீண்டு நிற்கும்போது இன்னொன்று நகர வேண்டும். மூன்றாம் தந்தியைச் சும்மா விட்டு மீட்டும் எஃப் ஷார்ப் ஒலித்துக்கொண்டிருக்க, நான்காம் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டில் ஈ வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லூட் ட்யூனிங்கில் இதற்கு ஒரு விரல் போதும். இதையே வழக்கமான ட்யூனிங்கில் வாசித்துப் பாருங்கள். அங்கே மூன்றாம் தந்தியில் எஃப் ஷார்ப் கிடையாது, நான்காம் தந்தியின் நான்காம் ஃப்ரெட்டில்தான் பிடிக்க வேண்டும். அந்தத் தந்தி போய்விட்டதா, அப்புறம் ஈ-யை எங்கே வைப்பது? ஐந்தாம் தந்தியின் ஏழாம் ஃப்ரெட்டுக்குக் கையே இடம் பெயர வேண்டும். அந்தப் பாய்ச்சலில் நீண்டு நிற்க வேண்டிய சுரம் பாதியில் அறுந்துவிடும். இப்படி ஒரு பக்கத்துக்குள்ளேயே பல இடங்கள் வரும். கேட்பவருக்கு ஏதோ தடுமாற்றம் என்று மட்டும் தெரியும், காரணம் தெரியாது. தந்தியை இறக்கியதும் அந்தத் தடுமாற்றம் போய்விடுகிறது. உள்குரல் அறுபடாமல் ஓடுகிறது. நான் இந்த ட்யூனிங்கை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு அந்த உள்குரல்தான் காரணம்.

கார்டுகளையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். ஈ மேஜருக்கு இப்போது ஐந்து, நான்கு, மூன்றாம் தந்திகளில் இரண்டாம் ஃப்ரெட், மற்றவை திறந்தபடி. நீங்கள் அறிந்த ஏ மேஜரின் வடிவம் தடித்த பக்கமாக ஒரு தந்தி தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். பி மைனர் இன்னும் அழகு. ஆறாம் தந்தியை விட்டுவிட்டு, ஐந்தாம் தந்தியிலும் முதல் தந்தியிலும் இரண்டாம் ஃப்ரெட்டைப் பிடித்தால் போதும், நடுவில் உள்ள மூன்றும் தானாகச் சேர்ந்துகொள்ளும். பாரே போட்டு, அதாவது ஒரே விரலால் பல தந்திகளை அழுத்தி, விரல் நொந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் ஜி மேஜருக்கு நான்கு விரலும் வேண்டும், சி மேஜரில் முதல் ஃப்ரெட்டில் இரண்டு தந்திகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். ஆகவே பாட்டுக்குக் கார்டு போடுவதற்காக மட்டும் இதற்கு மாறாதீர்கள்.

கேபோ கட்டாயமில்லை. மூன்றாம் ஃப்ரெட்டில் போட்டால் ஜி, சி, எஃப், ஏ, டி, ஜி கிடைக்கும். ஜி-யில் நிற்கும் லூட்டின் சுருதி அது. பாடுபவருடன் சேர்ந்து, அச்சில் உள்ள சுருதியிலேயே வாசிப்பதென்றால் வேண்டும். தனியாக வாசிக்கும்போது கையின் வசதிதான் கணக்கு. 65 செ.மீ. தந்தி நீளமுள்ள கிட்டாரில் மூன்றாம் ஃப்ரெட் கேபோ அதைக் கிட்டத்தட்ட 55 ஆக்கும், இரண்டாம் ஃப்ரெட் 58 ஆக்கும். லூட்டின் நீளம் 60-ஐ ஒட்டி இருப்பதால் எனக்கு இரண்டாம் ஃப்ரெட்தான் பிடிக்கிறது.

தந்தியைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அரைச்சுரம் இறக்கினால் இழுவிசை சுமார் 11 சதவீதம் குறையும். நைலான் செட்டில் மூன்றாம் தந்தி ஏற்கெனவே கொஞ்சம் மந்தம், இப்போது இன்னும் தளர்ந்து ஒலிக்கும். அதை மட்டும் கார்பன் தந்தியாக மாற்றிப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். இறக்கும்போது எஃப் ஷார்ப்புக்குக் கொஞ்சம் கீழே போய்விட்டு மேலேற்றி நிறுத்துங்கள். நான்காம் தந்தியின் நான்காம் ஃப்ரெட்டோடு அது ஒன்றினால் சரி.

இனி, எதை வாசிப்பது? கிட்டாருக்காக மாற்றி எழுதிய நோட்டேஷனை விட்டுவிட்டு, எந்தத் தந்தியில் எந்த ஃப்ரெட் என்று காட்டும் டாப்லேச்சரிலிருந்தே தொடங்குங்கள். விஹுவேலா கலைஞர் லூயிஸ் மிலான் 1536-இல் வலென்சியாவில் வெளியிட்ட ‘எல் மாயெஸ்த்ரோ’வில் மேல்கோடுதான் முதல் தந்தி, எண்கள் ஃப்ரெட்டைக் குறிக்கும். இன்றைய கிட்டார் டாப் படிக்கத் தெரிந்தவர் அந்த அச்சுப் பக்கத்தை அப்படியே வாசிக்கலாம். தாளக் குறிகளை மட்டும் பழக வேண்டும். அதில் உள்ள பவானாக்கள் என்ற நடன இசைத் துண்டுகள் மெதுவாக நடப்பவை, புதிய கைக்கு ஏற்றவை. மற்ற விஹுவேலா கலைஞர்களான நார்வாயெஸின் 1538 நூலுக்கோ முதார்ராவின் 1546 நூலுக்கோ போகும்போது கவனம்: அவற்றில் கோடுகள் தலைகீழ், கீழ்க்கோடுதான் முதல் தந்தி. முதார்ராவின் பத்தாவது ஃபாண்டசியாவை எப்படியாவது எட்டிவிடுங்கள். ஹார்ப் வாசிப்பைப் போலச் செய்யும் படைப்பு அது. அடுத்தடுத்த சுரங்கள் வெவ்வேறு தந்திகளில் விழுந்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒலித்துக் கலக்கும். வழக்கமான ட்யூனிங்கில் அந்தக் கலப்பு கைக்கு எளிதில் அகப்படாது.

ஆங்கில லூட் கலைஞர் ஜான் டௌலண்டைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். 1597-இல் வந்த அவருடைய முதல் பாடல் தொகுப்பில் எழுத்துகள்தான் ஃப்ரெட்டைக் குறிக்கும், ‘ஏ’ என்றால் திறந்த தந்தி. அவருடைய இசையில் நம்மிடம் இல்லாத ஏழாவது தந்தியைக் கேட்கும் இடங்களும் உண்டு. அங்கே அந்த பேஸ் சுரத்தை ஒரு ஸ்தாயி மேலே வாசித்துவிடுங்கள்.