குளத்துத் தண்ணில அமீபா ஏன் சிக்க மாட்டேங்குது?

கேள்வி: எங்க பிள்ள ஒம்பதாம் கிளாஸ் படிக்கா, ஸ்டூடன்ட் மைக்ராஸ்கோப் ஒண்ணு வாங்கிக் குடுத்திருக்கோம். குளத்துத் தண்ணி எடுத்துப் பாத்தா பாரமீசியமா ஓடுது, அமீபா மட்டும் சிக்கல. இதுக்கு நடுவுல கேரளால மூளைய தின்னுற அமீபான்னு நியூஸ் வருதா, எங்க அத்த அந்தத் தண்ணிய வீட்டுக்குள்ளயே விடமாட்டேங்காவ. என்ன செய்ய? — வாசகி, தக்கலை

பதில்: அத்த பயப்படுறது நியாயம்தான், அதனால அத முதல்ல சொல்லிருதேன். அந்த அமீபா பேரு நேக்ளேரியா ஃபௌலரி. மூக்கு வழியா தண்ணி ஏறினாதான் மூளைக்குப் போகும், ரொம்ப அபூர்வம், ஆனா வந்துட்டா பிழைக்கிறது கஷ்டம். அதனால பிள்ள குளத்துல இறங்க வேண்டாம், கரையில நின்னு கம்புல பாட்டில கட்டி எடுக்கட்டும், கிளவுஸ் போடட்டும், முடிஞ்சதும் சோப்பு போட்டு கை கழுவணும். கான்டாக்ட் லென்ஸ் போடுற பிள்ளைன்னா இன்னும் கவனம், அகாந்தமீபான்னு ஒண்ணு கருவிழியவே கெடுத்துரும்.

சரி, ஏன் சிக்கல? தெளிஞ்ச தண்ணிய எடுத்திருப்பா. அமீபா நீந்தாது, எதையாவது பிடிச்சு ஊர்ந்துதான் போகும், அதனால அடியில கிடக்குற அழுகின இலை, தாமரை இலைக்க அடிப்பக்கம், சேத்துக்கு மேல படிஞ்சிருக்குற பழுப்புப் படலம், இதையெல்லாம் கொஞ்சம் எடுக்கணும். கதம்பை, அதான் தேங்கா மட்டை, அழுகப் போட்டு நாறுற தண்ணி வேண்டாம்.

கொண்டு வந்ததும் உடனே பாக்காதீங்க. அகலமான கண்ணாடித் தட்டுல ஊத்தி, கவர் ஸ்லிப் (ஸ்லைடுக்கு மேல மூடுற மெல்லிசான கண்ணாடித் துண்டு) ரெண்டு மூணு உள்ள போட்டு, வெயில் படாத இடத்துல ஒரு நாள் வச்சிருங்க, அமீபா கவர் ஸ்லிப்புல ஏறி ஒட்டிக்கும். மறுநாள் அத குறட்டால எடுத்து, ஒட்டின பக்கம் கீழ வர்ற மாதிரி ஸ்லைடுல வச்சா போதும்.

அடுத்தது வெளிச்சம், முக்காவாசிப் பேரு தோக்குறது இங்கதான். அமீபா கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும், ஃபுல் லைட் போட்டா கண்ணுக்கே தெரியாது. ஸ்லைடு வைக்கிற மேடைக்கு அடியில வெளிச்சத்தக் கூட்டிக் குறைக்குற டயஃப்ரம நல்லா மூடிட்டு, 40 மடங்குல, இல்லன்னா 100 மடங்குல பொறுமையா தேடணும், சாம்பல் நிறத்துல துகள் துகளா உள்ள ஒரு திட்டு கண்ணுல பட்டா ஒரு நிமிஷம் அசையாம பாருங்க, ஒரு பக்கம் வழிஞ்சு நீளுதுன்னா அதுதான். அப்புறம் 400-க்குப் போனா ஒரு குமிழி மெதுவா பெருத்து சட்டுன்னு காணாம போகும், உள்ள வந்த தண்ணிய அது வெளிய தள்ளுது. அத ஒரு தடவ பாத்துட்டா பிள்ள மைக்ராஸ்கோப்ப விட்டு எழும்பவே மாட்டா!

அமீபா புரோட்டியஸ் நல்லா நீண்டா அரை மில்லிமீட்டர் வரும், 1755-லயே ரோசல்னு ஒரு ஜெர்மன் ஓவியர் இந்த மாதிரி ஒண்ண அன்னைக்கு இருந்த மைக்ராஸ்கோப்புல பாத்து வரைஞ்சிருக்கார், அதனால உங்க ஸ்டூடன்ட் மாடலே தாராளம். பழுப்பு நிறத்துல உளுந்த வடை கணக்கா நடுவுல ஓட்டையோட ஒண்ணு கிடந்தா தூசின்னு தள்ளிராதீங்க, அது ஆர்செல்லா, ஓடு உள்ள அமீபா.

மழை கொட்டின உடனே மட்டும் எடுக்கப் போகாதீங்க, சேறு அடங்க ரெண்டு மூணு நாள் விடுங்க.