நம்பிக்கை எதன் மீது?

மதிப்பிற்குரிய ஐயா,

நான் செவிலியர் படிப்பில் இரண்டாம் ஆண்டு மாணவி. ஒன்பது நாள் நான் பார்த்துக்கொண்ட பெரியவர் ஒருவர் சென்ற மாதம் என் பணிநேரத்திலேயே இறந்துபோனார். கடைசி இரவில் ஈரப் பஞ்சால் அவர் உதடுகளை நனைத்துக்கொண்டே, ‘சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடலாம்’ என்றேன். அது பொய் என்று இப்போது உறுத்துகிறது. நன்றிக்குரிய மூன்று விஷயங்களைத் தினமும் எழுதச் சொல்கிறார்கள், பேனா ஓடவில்லை. பிரார்த்தனையும் வரவில்லை. நான் இந்தப் பணிக்குத் தகுதியானவள்தானா?

ஒரு வாசகி

அன்புள்ள மாணவிக்கு,

நீங்கள் இழந்தது ஓர் ஆறுதல் வார்த்தையை மட்டுமே என்று நினைக்கிறேன். செவிலியர் பணி குறித்து ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் வெளியிட்ட நூலில், நோயாளியிடம் யோசிக்காமல் சொல்லப்படும் நம்பிக்கைச் சொற்களைக் கண்டிப்பதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. அப்பேச்சைக் கேட்கும் நோயாளி, நண்பர்கள் நடுவிலேயே தனித்துவிடப்பட்டவராக உணர்கிறார் என்கிறார் அவர். உங்களை உறுத்துவதும் இதுதான். அந்த உறுத்தல் உங்களுக்கு வந்ததே எனக்கு நிறைவளிக்கிறது.

இலக்கை எட்டவேண்டும் என்ற உந்துதலும் அதற்கு வழி காணும் திறனும் சேர்ந்ததே நம்பிக்கை என்று உளவியலாளர் ஸ்னைடர் வகுத்தார். குணமாதல் என்ற இலக்கு கைவிட்டுப்போன பிறகும், வறண்ட உதடு நனைய வேண்டும், இந்த இரவு வலியின்றிக் கழிய வேண்டும் என்ற சிறிய இலக்குகள் மிஞ்சியிருக்கின்றன. உங்கள் வாய் பழைய இலக்கைப் பேசிக்கொண்டிருந்தபோது, உங்கள் கை புதிய இலக்குக்கு வந்துவிட்டிருந்தது.

நன்றி எழுதும் பயிற்சியை நான் குறை சொல்லமாட்டேன். உளவியலாளர்கள் எம்மன்ஸும் மெக்கல்லோவும் 2003இல் வெளியிட்ட ஆய்வொன்றில், வாரம் ஒருமுறை ஐந்து விஷயங்கள் வரை எழுதிய மாணவர்கள் தங்கள் வாழ்வை மேலும் நிறைவானதாக உணர்ந்தார்கள். ஆனால் தூக்கமில்லாத பணிநேரத்தையும் ஆள் பற்றாக்குறையையும் வாய்திறவாமல் தாங்குவதற்குப் பெயர் நன்றி ஆகாது. அவற்றைத் தயங்காமல் சொல்லுங்கள்.

பிரார்த்தனை பற்றி: செவிலியராகத் தொடங்கிப் பின்னர் மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ், இறப்பை நெருங்குபவரின் வலியில் உடலோடு மனமும் உறவுகளும் ஆன்மாவும் சேர்ந்தே நோகின்றன என்றார், 1967இல் லண்டனில் இறப்பை நெருங்குபவர்களுக்காக அவர் திறந்த காப்பகம் அந்தப் புரிதலில் எழுந்தது. ஒருவர் அப்படி நோகும்போது எழுந்து போகாமல் பக்கத்தில் இருப்பதை ஆன்மிகம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. அன்றிரவு நீங்கள் எழுந்து போகவில்லை.

இன்று மூன்று விஷயங்களை எண்ண வேண்டாம். அந்தப் பெரியவர் எப்படிச் சிரிப்பார், எதைக் கேட்டு வாங்கிக்கொள்வார் என்று மட்டும் அந்த நோட்டில் எழுதுங்கள்.