கான்ஸ்டன்டைனைப் பிடித்திருப்பது தப்பா, அக்கா?

கேள்வி: அக்கா, எனக்கு 27 வயது. பத்து வருஷமாக 'ஹெல்பிளேசர்' காமிக்ஸ் படிக்கிறேன். அதில் பிசாசுகளோடு மோதும் மந்திரவாதி ஜான் கான்ஸ்டன்டைன்தான் என் ஆள். கசங்கிய கோட், விரலிடுக்கில் சிகரெட், சாத்தானே எதிரில் நின்றாலும் அடங்காத வாய். யாரிடமும் நிமிர்ந்து பேசத் தெரியாத வயதில் அவனைப் படித்துத்தான் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. போன மாதம் முதல் இரண்டு இதழ்களை மறுபடி எடுத்தேன். போதைக்கு அடிமையான பழைய நண்பன் கேரி லெஸ்டர் உதவி கேட்டு வருகிறான். கான்ஸ்டன்டைன் அவனை நம்பவைத்துக் கூட்டிப்போய், பசிப் பிசாசு ஒன்றை அவன் உடம்புக்குள்ளேயே அடைத்து, அவனைச் சாக விடுகிறான். 17 வயதில் இதைப் படித்தபோது 'என்ன மூளை!' என்று வியந்தேன். இந்த முறை பாதியில் மூடிவிட்டேன். கர்ணன் நண்பனுக்காகத் தன்னைக் கொடுத்தான். இவன் ஊரைக் காப்பாற்ற நண்பனைக் கொடுக்கிறான். அப்படியும் இவனைப் பிடித்திருக்கிறதே, நான் எப்படிப்பட்ட ஆள்?
- பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்: தம்பி, முதலில் அந்த இதழை முடித்துவிடுங்கள். 1988-இல் ஜேமி டெலானோ எழுதி ஜான் ரிட்ஜ்வே வரைந்த கதை அது. கேரியின் சாவோடு அவர்கள் கடையை மூடிவிடவில்லை. ஏற்கெனவே கான்ஸ்டன்டைனால் செத்துப்போன நண்பர்களின் ஆவிகள் அவனைச் சுற்றி வருகின்றன. கேரியும் அந்தக் கூட்டத்தில் போய்ச் சேர்கிறான். ஒரு தொடர் தொடங்கி இரண்டாவது இதழிலேயே நாயகன் முகத்துக்கு நேராக இப்படி ஒரு கணக்கை நீட்டுகிறது. அதனால்தான் அந்தத் தொடரை நான் மதிக்கிறேன். உங்களுக்கு வந்த கசப்பு நீங்கள் தப்பாகப் படித்ததால் வந்ததல்ல. எழுதியவர் வைத்த இடத்தில்தான் அது இருக்கிறது. 17 வயதில் நீங்கள் அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள், அவ்வளவுதான்.

நானும் தாண்டிப் போனவள். என் கதையைச் சொல்கிறேன்.

என் அப்பாவுக்கு நுரையீரலில் புற்றுநோய். முப்பது வருஷம் புகைத்தவர். ஆஸ்பத்திரியில் இரவுத் துணைக்கு நான்தான் இருப்பேன். அவர் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கார்த் என்னிஸ் 1991-இல் எழுதிய 'டேஞ்சரஸ் ஹேபிட்ஸ்' தொடரைப் படித்துக்கொண்டிருந்தேன். 41 முதல் 46 வரை ஆறு இதழ்கள். கான்ஸ்டன்டைனுக்கும் அதே நோய், அதே காரணம். எந்த மந்திரமும் பலிக்கவில்லை, நண்பர்களாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. போதாக்குறைக்கு, ஒரு நண்பனின் ஆன்மா நரகத்துக்குப் போகாமல் தடுத்ததால் நரகத்தின் தலைவன் இவன்மேல் தனிப்பட்ட வன்மத்தோடு காத்திருக்கிறான். கடைசியில் கான்ஸ்டன்டைன் என்ன செய்கிறான்? நரகத்தை ஆளும் மற்ற இருவருக்கும் தன் ஆன்மாவைத் தனித்தனியாக விற்றுவிட்டு, மணிக்கட்டை அறுத்துக்கொள்கிறான். அவன் செத்தால் அந்த ஒரு ஆன்மாவுக்காக மூவரும் அடித்துக்கொள்ள வேண்டும், அதில் நரகமே அழிந்துபோகும். வேறு வழியில்லாமல் அவர்களே அவனைக் குணமாக்கி அனுப்புகிறார்கள்.

அந்த இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நள்ளிரவு. அப்பா விழித்துக்கொண்டு, "என்னம்மா?" என்றார். முழுக் கதையையும் சொன்னேன். நடுவே, கான்ஸ்டன்டைன் ஆஸ்பத்திரியில் மேட் என்ற வயதானவரோடு பழகுகிறான், அவருக்கும் இதே நோய் என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்தத் தந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அந்தப் பெரியவருக்கு என்ன ஆச்சு?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. பக்கங்களைத் திருப்பி மேட் வரும் இடங்களைத் தேடிப் படித்தேன். சாத்தான்களை ஏமாற்றிய அந்தப் பேரத்தில் அவருக்கு ஒன்றுமே இல்லை. அவர் யாருக்கும் ஆன்மாவை விற்கவில்லை, அதனால் அவரைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. என்னிஸ் இதை மறைக்கவும் இல்லை. தந்திரத்தின் பளபளப்பில் நான்தான் அந்த முகத்தைப் பார்க்காமல் விட்டிருந்தேன்.

அன்றிலிருந்து கான்ஸ்டன்டைன் கதை எதைப் படித்தாலும் அப்பா கேட்ட அந்தக் கேள்வியோடுதான் படிக்கிறேன். யாருக்கு என்ன ஆச்சு? நியூகாஸில் கதையையே எடுங்கள் (11-ஆம் இதழ்). 1978, கான்ஸ்டன்டைனுக்கு 25 வயது. ஆஸ்ட்ரா என்ற சிறுமியைக் காப்பாற்றத்தான் பிசாசை வரவழைக்கிறான். அதைக் கட்டுப்படுத்துகிற அறிவு அவனுக்கு இல்லை, இருக்கிறது என்ற திமிர் மட்டும் இருக்கிறது. பிசாசு அவளை நரகத்துக்கு இழுத்துப்போகிறது. அவன் கையில் மிஞ்சுவது அவளுடைய கை மட்டும். அப்புறம் ரேவன்ஸ்கார் மனநல விடுதி. அவனுடைய அத்தனை கிண்டலுக்கும் அடியில் அந்தக் குழந்தையின் கை கிடக்கிறது. அது தெரிந்த பிறகும் எனக்கு அவனைப் பிடித்திருக்கிறது. ஆனால் 'கெத்து' என்ற வார்த்தையை அவனுக்குச் சொல்ல என் வாய் வருவதில்லை.

எனக்குக் கோபம் வருவது கான்ஸ்டன்டைன்மேல் இல்லை, அவனைச் சும்மா கெட்டிக்காரனாக மட்டும் எழுதுகிறவர்கள்மேல். கோட் இருக்கும், சிகரெட் இருக்கும், கடைசிப் பக்கத்தில் ஒரு தந்திரம் இருக்கும். செத்தவர்கள் மட்டும் இருக்க மாட்டார்கள். அந்தக் கதைகளை விட்டுவிடுங்கள், நஷ்டமில்லை. கேரி லெஸ்டரை விடாதீர்கள். நீங்கள் எப்படிப்பட்ட ஆள் என்று கேட்டீர்களே: பத்து வருஷம் கழித்து கேரிக்காகப் புத்தகத்தை மூடிய ஆள். எனக்கு அது போதும்.

கேள்வி: பழைய கான்ஸ்டன்டைன் வேறு, இப்போது வருபவன் வேறு என்று சொல்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான், எனக்கு அதில் பெரிய வருத்தம் உண்டு. ஆலன் மூர் 1985-இல் 'ஸ்வாம்ப் திங்' தொடரில் அவனை அறிமுகப்படுத்தினார். பாடகர் ஸ்டிங் சாயலில் ஓர் ஆளை வரைய வேண்டும் என்ற ஓவியர்களின் ஆசையில் பிறந்த முகம் அது. 'ஹெல்பிளேசர்' 1988-இல் தொடங்கி 2013-இல் 300-ஆம் இதழோடு முடிந்தது. இந்த 25 வருஷமும் அவனுக்கு நம்மைப் போலவே வயது ஏறியது. பிறந்தது 1953 மே 10, லிவர்பூல். 1993-இல் 63-ஆம் இதழில் 40-வது பிறந்தநாள் கொண்டாடுகிறான். இரும்புக்கை மாயாவிக்கு என்றைக்கும் ஒரே வயது. அந்தக் கதைகளுக்கு அது பொருந்தியது. கான்ஸ்டன்டைனுக்கு முதுமை வேண்டும். அவன் காதலி கிட் ரயன் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்று: உன் மாந்திரீகத்தை என் வீட்டுக்குள் கொண்டுவராதே. அது அவள் வாசல்வரை வந்தது, அவள் போய்விட்டாள். அவன் கொஞ்சம் கொஞ்சமாக வயதாகிக்கொண்டு வந்தால்தான் அப்படிப்பட்ட இழப்பு அவன்மேல் படியும். அதற்குப் பிறகு இளமையாக்கி, சூப்பர் ஹீரோக்களோடு நிறுத்திவைத்தவனிடம் அந்தப் பாரம் எனக்குக் கிடைக்கவில்லை.

கேள்வி: 2005-இல் வந்த 'கான்ஸ்டன்டைன்' படம்?

பதில்: லிவர்பூல்காரனை லாஸ் ஏஞ்சல்ஸ்காரனாக்கினார்கள், முடியும் கறுப்பு. கியானு ரீவ்ஸின் சோர்ந்த முகம் எனக்குப் பிடிக்கும். லூசிஃபரே கையைவிட்டு நுரையீரலிலிருந்து நோயைப் பிடுங்கும் காட்சி 'டேஞ்சரஸ் ஹேபிட்ஸ்' தந்தது. படத்தில் அவன் சிகரெட்டை விட்டுவிட்டு சூயிங்கம் மெல்கிறான். காமிக்ஸில் பிழைத்து வந்த பிறகும் புகைக்கிறான். அப்பாவை நினைத்துக்கொண்டு எனக்கு அதில் தாளாத கோபம். ஆனாலும் மனுஷனை அறிந்து எழுதியது காமிக்ஸ்தான்.

கேள்வி: கேரியின் கதையை முடித்துவிட்டு, அடுத்து எதைப் படிக்கட்டும்?

பதில்: 27-ஆம் இதழ், 'ஹோல்டு மீ'. நீல் கெய்மன் எழுதி டேவ் மெக்கீன் வரைந்தது. லண்டனில் குளிரில் விறைத்துச் செத்துப்போன, வீடில்லாத ஒருவரின் ஆவி, தன்னை யாராவது கட்டிக்கொள்ள மாட்டார்களா என்று அலைகிறது. நாற்றத்துக்கு எல்லோரும் ஒதுங்குகிறார்கள். அதன் பிடியில் அகப்பட்டவர்கள் குளிரில் செத்துப்போகிறார்கள். கான்ஸ்டன்டைன் அங்கே மந்திரம் சொல்லவில்லை. யாரையும் ஏமாற்றவில்லை, யாரையும் பலி கொடுக்கவில்லை. கிட்டே போய் அந்த ஆவியைக் கட்டிக்கொள்கிறான்.