வண்டி கேள்வி-பதில்: சென்சார் எங்கே, பழுது எங்கே?

கேள்வி (செங்கோட்டை வாசகர்): கேரளப் பதிவில் இருந்த 2004 பி.எம்.டபிள்யூ எக்ஸ்5, 3.0 பெட்ரோல் வண்டி வாங்கினேன். புனலூரிலிருந்து திரும்பும்போது ஆரியங்காவு ஏற்றத்தில் எஞ்சின் சூடாகி நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் கிளம்புகிறது. ஸ்கேனரில் பி0335 என்ற பழுதுக் கோடு (குறியீட்டு எண்) வருகிறது. பி0171, பி0174 இரண்டும் கூடவே வருகின்றன. எஞ்சின் சுற்றுவதை அளக்கும் கிராங்க் சென்சார் இருக்கும் இடம் மெக்கானிக்குக்குப் பிடிபடவில்லை. எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சாரையும் மாற்றச் சொல்கிறார்.

பதில்: ஏர்ஃப்ளோ சென்சாரை இப்போது வாங்காதீர்கள். கோடு எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று மட்டுமே சொல்லும். எந்தப் பாகம் கெட்டது என்று சொல்லாது.

முதலில் கிராங்க் சென்சார். பி0335 அதன் சிக்னலைப் பற்றியது. உங்கள் எம்54 எஞ்சினில் இன்டேக் மேனிஃபோல்டு இடப்பக்கம், அதாவது நம் ஊர் வண்டியில் டிரைவருக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது. அதன் கீழே, ஸ்டார்ட்டர் மோட்டாரை ஒட்டி, பிளாக்கில் ஒரே போல்ட்டில் நிற்பதுதான் கிராங்க் சென்சார். மேலிருந்து பார்த்தால் தெரியாது. வண்டியை ரேம்ப்பில் ஏற்றிக் கீழிருந்துதான் கை போகும்.

கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை. அடுத்த முறை நின்றதும், ஆறுவதற்குள் ஸ்கேனரை மாட்டி செல்ஃப் அடித்து லைவ் டேட்டாவில் ஆர்.பி.எம். பாருங்கள். எஞ்சின் சுற்றும்போதும் பூஜ்யமே காட்டினால் சிக்னல் வரவில்லை. அப்போதும் சென்சாரையே குறை சொல்ல வேண்டாம். கனெக்டரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, சப்ளை வயருக்கும் எர்த்துக்கும் இடையே சுமார் 12 வோல்ட் இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். வோல்ட் இல்லையென்றால் கோளாறு வயரிங்கில். எலி கடித்த தடமும் கனெக்டரின் பின்களில் (ஊசிகளில்) ஆயில் கசிவும் இருக்கிறதா என்று கவனியுங்கள்.

சப்ளை சரி, ஆனால் சூட்டில் மட்டும் சிக்னல் போகிறது என்றால் சென்சார்தான். பேட்டரி நெகட்டிவைக் கழற்றாமல் கை வைக்காதீர்கள். பக்கத்திலேயே இருக்கும் ஸ்டார்ட்டர் கேபிளில் எப்போதும் கரண்ட் இருக்கும். இந்த வண்டியில் பேட்டரி பின்னால், டிக்கி தரைக்கு அடியில். சென்சாரை இழுக்கும் முன் சுற்றிலும் அழுக்கைத் துடையுங்கள். புதிய ஓ-ரிங்கில் ஆயில் தடவி மாட்டுங்கள். மலிவு சென்சார்கள் சில, சூட்டில் பழையது போலவே மக்கர் செய்யும். தரமான கம்பெனிப் பொருளையே கேட்டு வாங்குங்கள்.

இனி பி0171, பி0174 என்ற அந்த இரட்டைக் கோடு. எஞ்சினின் இரு பாதியிலும் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்கிறது. இரண்டு பாதிக்கும் பொதுவான இடத்தில்தான் காரணம் இருக்கும். ஏர்ஃப்ளோ சென்சாருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் ஹோஸ் இந்த எஞ்சினில் அடிக்கடி விரிசல் விடும், அதுவும் கண்ணுக்குத் தெரியாத அடி மடிப்பில். சென்சார் அளக்காத காற்று அங்கே உள்ளே புகுந்துவிடும். ஹோஸைக் கழற்றி வளைத்துப் பாருங்கள். ஐடிலில் ஃப்யூயல் ட்ரிம் (எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) அதிகமாக இருந்து, 2500 ஆர்.பி.எம்.மில் இறங்கினால் காற்றுக் கசிவு என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். இறங்காமல் ஏறினால்தான் ஏர்ஃப்ளோ சென்சாரையும் பெட்ரோல் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும்.

கேள்வி (கம்பம் வாசகி): இதே மாடல் வண்டி. குமுளி மலைப்பாதையில் அடிக்கடி போய்வருவோம். நான்கு சக்கரத்துக்கும் பிரேக் பேட் மாற்றியும் எச்சரிக்கை லைட் அணையவில்லை. பேட் சென்சார் வயரை முறுக்கி இணைத்துவிடலாம் என்கிறார்கள்.

பதில்: வேண்டவே வேண்டாம், அம்மா. அந்த மலை இறக்கத்தில் பேட் தீர்ந்தாலும் எச்சரிக்கை வராமல் போகும். பேட் சென்சார் முன் இடது, பின் வலது சக்கரங்களில் மட்டும்தான் இருக்கிறது. டிஸ்கில் ஒருமுறை உரசி அறுந்தால் அதோடு சரி. புதிதாகத்தான் போட வேண்டும். மாட்டியபின் எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை ஒரு நிமிடம் ஆனில் வைத்தால் லைட் அணையும்.

கேள்வி (மார்த்தாண்டம் வாசகர்): மழை பெய்தால் ஏ.பி.எஸ்., டி.எஸ்.சி. (வண்டி சறுக்காமல் காக்கும் அமைப்பு), பிரேக் மூன்று லைட்டும் சேர்ந்து எரிகின்றன. மூன்று கோளாறா?

பதில்: பெரும்பாலும் ஒன்றுதான். ஒரு சக்கரத்தின் வேக சென்சார் தவறினாலும் மூன்றும் எரியும். காலி சாலையில் 20 கி.மீ. வேகத்தில் ஓட்டும்போது, பக்கத்தில் இருப்பவர் லைவ் டேட்டாவில் நான்கு சக்கர வேகத்தையும் பார்க்கட்டும். எது தடுமாறுகிறதோ அந்தச் சக்கரத்தின் கனெக்டரைத் திறந்து பச்சை பூத்திருக்கிறதா, ஸ்டியரிங் திருப்பும்போது வயர் இழுபடுகிறதா என்று பாருங்கள். நான்கும் ஒரே வேகம் காட்டினால் ஸ்டியரிங் ஆங்கிள் சென்சாரைச் சந்தேகிக்கலாம். அது ஸ்டியரிங் தண்டில் இருக்கிறது. மாற்றினால் ஸ்கேனரில் அளவுத்திருத்தம் (காலிப்ரேஷன்) செய்தே ஆக வேண்டும்.